வெக்கையில் கடும் பயிற்சி: உடல் சூடு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

1978-இல் அமெரிக்காவின் ஃபால்மத் ஓட்டப்பந்தயத்தை ஓடி முடித்த அமெரிக்க நெடுந்தூர ஓட்டக்காரர் ஆல்பெர்ட்டோ சலசார் சுருண்டு விழுந்தார். அப்போது அவருடைய உடல் சூடு 42 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. பனிக்கட்டி நீரில் அவரைக் கிடத்தினார்கள். பிழைக்கமாட்டார் என்று எண்ணி, பாதிரியார் ஒருவர் இறுதி ஜெபமும் சொன்னார். சலசார் பிழைத்தார். 1980 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நியூயார்க் மாரத்தானையும் வென்றார்.

இதில் யோசிக்க வேண்டியது தூரம். ஃபால்மத் பந்தயம் சுமார் 11 கிலோமீட்டர்தான். முன்னணி ஓட்டக்காரர்கள் அதை அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே முடித்துவிடுவார்கள். உயிரைப் பறிக்கும் அளவுக்கு உடல் வறண்டுபோக அந்த நேரம் போதாது. உடற்தகுதியிலும் அவருக்குக் குறை இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது அந்தச் சூடு? பெரும்பகுதி அவருடைய தசைகளிலிருந்தே வந்தது.

தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் அசைவாக மாறுகிறது, மீதி எல்லாம் சூடு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 840 கிலோகலோரி செலவாகும், அதில் 670 அளவுக்குச் சூடாக மாறும். அந்தச் சூடு வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், அவருடைய உடல் வெப்பம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். அரை மணி நேரம் கூடத் தாங்காது.

அதனால்தான் "தண்ணீர் குடித்தாயா, தொப்பி போட்டாயா" என்ற கேள்விகளோடு நிறுத்திக்கொள்வது எனக்குக் கவலையாக இருக்கிறது. இரண்டும் தேவைதான். ஆனால் கடும் பயிற்சியில் வரும் வெப்பத் தாக்கை, அதாவது ஹீட் ஸ்ட்ரோக்கைத் தடுக்கும் முதல் கருவி உங்கள் வேகம். எவ்வளவு சூட்டை உற்பத்தி செய்கிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. கீழே உள்ள படிகளை இந்த எண்ணத்தோடு படியுங்கள்.

படி 1: இன்று பயிற்சி செய்யும் நிலையில் உடல் இருக்கிறதா?

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. காய்ச்சல் இருந்தாலோ, நேற்று வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தாலோ வெக்கையில் கடும் பயிற்சி கூடாது. காய்ச்சலில் உடல் ஏற்கெனவே சூடாக இருக்கிறது, அதன் மேல் தசைச் சூட்டையும் ஏற்றினால் எல்லை சீக்கிரம் வந்துவிடும். "லேசான காய்ச்சல்தான், வியர்த்தால் சரியாகிவிடும்" என்பது மிக ஆபத்தான நம்பிக்கை. தூக்கம் கெட்ட இரவு, முந்தைய நாள் மது, வெயிலில் தோல் கன்றிப்போயிருப்பது ஆகியவையும் உடலின் தாங்குதிறனைக் குறைக்கும்.

மருந்துகளையும் கணக்கில் எடுங்கள். சில அலர்ஜி மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். சிறுநீர் பெருக்கி மாத்திரைகள் உடலின் நீரையும் உப்பையும் வெளியேற்றும். பீட்டா பிளாக்கர் வகை இதய மருந்துகள், மனநலச் சிகிச்சைக்கான சில மருந்துகள், கவனக்குறைவுக் கோளாறுக்கு (ஏ.டி.எச்.டி.) தரப்படும் ஊக்க மருந்துகள் ஆகியவையும் பட்டியலில் உண்டு. இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். "வெக்கையில் கடும் பயிற்சி செய்கிறேன், இந்த மருந்தோடு சரிப்படுமா?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். பயிற்சிக்கு முன் குடிக்கும் ஊக்கப் பவுடர்களை வெப்ப நாளில் தவிர்ப்பது நல்லது. அவை களைப்பை மறைக்கும், சூட்டை மறைக்காது.

ஒருமுறை வெப்பத் தாக்குக்கு ஆளானவர்கள், புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர்கள், உடல் எடை கூடியவர்கள், அரிவாள் செல் பண்பு (ரத்தச் சிவப்பணுக்களைப் பாதிக்கும் ஒரு பரம்பரைத் தன்மை) உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். குழுவுக்குப் பயிற்சி அளிப்பவர் இவர்களை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

படி 2: வெப்பமானியோடு நிற்காமல் புழுக்கத்தையும் பாருங்கள்

காற்றின் வெப்பம் தோலின் வெப்பமான சுமார் 35 டிகிரியை எட்டிவிட்டால், காற்றால் நம்மைக் குளிர்விக்க முடியாது. அதன்பின் வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூடு வெளியேறும். முன்பு சொன்ன ஓட்டக்காரருக்கு, வேறு வழியில் சூடு போகாவிட்டால், மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை ஆவியாக வேண்டும். கவனியுங்கள், ஆவியாக வேண்டும். சொட்டி மண்ணில் விழும் வியர்வையால் பயன் இல்லை, அது உடம்பின் நீரைக் கொண்டுபோகும், சூட்டைக் கொண்டுபோகாது.

புழுக்கமான நாளில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாவதில்லை. 36 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளைவிட, 30 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் ஓடுகிறவருக்கு ஆபத்து அதிகம். வெப்பமானி மட்டும் பார்ப்பவர் இதைத் தலைகீழாகவே முடிவு செய்வார். என்னோடு ஓடிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் தள்ளாடி உட்கார்ந்தது நடுப்பகலில் இல்லை. சூரியனே தெரியாத, காற்று அசையாத ஒரு விடியற்காலையில். அன்று "வெயில் இல்லையே" என்று வழக்கத்தைவிட வேகமாக ஓடியிருந்தோம்.

வெப்பம், ஈரம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் அளவீடு வெட் பல்ப் குளோப் டெம்பரேச்சர், சுருக்கமாக டபிள்யூ.பி.ஜி.டி. 1950-களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெப்பத்தில் சரிந்து விழுவதைத் தடுப்பதற்காக உருவானது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்துக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10 என்று அதில் எடை கொடுக்கிறார்கள். புழுக்கத்துக்கு எவ்வளவு பெரிய பங்கு பாருங்கள். கையடக்கக் கருவிகள் கிடைக்கின்றன, சில வானிலைச் செயலிகளும் இந்த எண்ணைக் காட்டுகின்றன. இந்த எண் 28-ஐத் தாண்டினால் பயிற்சியின் கடுமையைக் குறைத்து ஓய்வைக் கூட்டுங்கள். 32-ஐத் தாண்டினால் அன்று வெளியில் கடும் பயிற்சி வேண்டாம். வெப்பத்துக்குப் பழகாத உடலுக்கு இந்த எல்லைகள் இன்னும் கீழே இருக்கும். எண் கிடைக்காவிட்டால் வேறு அடையாளம் இருக்கிறது: நிழலில் சும்மா நிற்கும்போதே வியர்வை காயவில்லையென்றால், அன்றைய திட்டத்தை மாற்றுங்கள்.

2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தானை ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்தினார்கள். அக்டோபரில் அப்படி ஒரு வெக்கையை யாரும் எதிர்பார்க்கவில்லை. திடீரென்று வரும் முதல் வெப்ப நாள்தான் மோசமானது. ஏன் என்பதற்குப் பதில் அடுத்த படியில்.

படி 3: உடலை 14 நாள் பழக்குங்கள்

வெப்பத்துக்கு உடல் பழகும். இதை யாராலும் வாங்கிக் கொடுக்க முடியாது, நாள் கொடுத்துத்தான் பெற வேண்டும். தினமும் 60 முதல் 90 நிமிடம் வெப்பத்தில் மிதமாகப் பயிற்சி செய்தால், முதல் நான்கைந்து நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு குறையும். அதன்பின் வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாகச் சுரக்கும், அதில் உப்பும் குறைவாக இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 14 நாளில் இந்த மாற்றம் முழுமையடையும்.

எப்படிச் செய்வது? முதல் இரண்டு நாள் வழக்கமான பயிற்சியில் பாதிக்கும் குறைவாகவே செய்யுங்கள், அதுவும் பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகத்தில். மூன்றாம் நாளிலிருந்து நேரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், வேகத்தைத் தொடாதீர்கள். முதல் வாரம் முடிந்த பிறகுதான் வேகமான பகுதிகளைச் சேர்க்க வேண்டும், அதையும் குறுகிய துண்டுகளாக. ஹெல்மெட், கனமான கவசம் அணிந்து விளையாடும் விளையாட்டுகளில் முதல் நாட்களில் ஹெல்மெட்டை மட்டும் அணிந்து, மற்றவற்றைப் படிப்படியாகச் சேர்ப்பார்கள். முதல் வாரத்தில் ஒரே நாளில் இரண்டு வேளைக் கடும் பயிற்சி வைப்பது தவறு.

குளிரூட்டப்பட்ட கூடத்தில் எத்தனை மாதம் உழைத்திருந்தாலும் அது வெப்பப் பழக்கம் ஆகாது. நல்ல உடற்தகுதி கொஞ்சம் உதவும், முழுதாக ஈடு செய்யாது. சொல்லப்போனால், தகுதியும் வைராக்கியமும் உள்ளவர்தான் உடல் கெஞ்சும்போதும் நிறுத்தாமல் ஓடக்கூடியவர், அவரைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். இன்னொன்று, இந்தப் பழக்கம் நிலைக்காது. வெப்பத்தில் பயிற்சி இல்லாமல் இரண்டு மூன்று வாரம் போனால் பெரும்பகுதி கரைந்துவிடும். நோய்க்குப் பிறகோ நீண்ட விடுமுறைக்குப் பிறகோ திரும்பினால், முதலிலிருந்து தொடங்குங்கள்.

படி 4: வேகத்தைக் குறைக்கத் துணியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள்.

வெப்ப நாளில் கடிகாரம் காட்டும் வேகத்தைத் துரத்தாதீர்கள். இதயத் துடிப்பையும் மூச்சையும் வைத்து ஓடுங்கள். வெப்பத்தில் ரத்தம் இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது: தசைக்கு ஆக்சிஜன் கொண்டுபோகவும், தோலுக்குச் சூட்டைக் கொண்டுபோகவும். அதனால் அதே வேகத்துக்கு இதயம் வேகமாகத் துடிக்கிறது, நேரம் ஆக ஆகத் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. குளிர்ந்த நாளில் அந்தப் பயிற்சிக்கு வழக்கமாக இருக்கும் துடிப்பளவைக் குறித்து வைத்துக்கொண்டு, வெப்ப நாளில் அதைத் தாண்டாத வேகத்தில் போங்கள். வேகம் எவ்வளவு விழுந்தாலும் சரி. அன்று உடல் செய்யும் உழைப்பு அதே உழைப்புதான்.

கருவி இல்லாதவர்களுக்குப் பேச்சுச் சோதனை போதும். முழு வாக்கியம் பேச முடிந்தால் பாதுகாப்பான வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கே மூச்சு வாங்கினால் குறையுங்கள்.

கடும் பகுதிகளை உடைத்து, நடுவே நிழலில் நீண்ட ஓய்வு வையுங்கள். 20 நிமிடத் தொடர் ஓட்டத்துக்குப் பதிலாக நான்கு நிமிடம் வீதம் ஐந்து முறை ஓடினால், இடையில் சூடு வெளியேற நேரம் கிடைக்கும். ஓய்வில் ஹெல்மெட்டையும் கனமான உடையையும் கழற்றிவிட வேண்டும். குழுப் பயிற்சியில் ஓட வைத்துத் தண்டிப்பதை வெப்ப நாளில் அறவே விட்டுவிடுங்கள். தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் உரிமையை வீரரிடமிருந்து பறிப்பது அது. வெப்பத்தில் நேர்ந்த பல இறப்புகளுக்குப் பின்னால், நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாத ஒருவர் இருந்திருக்கிறார்.

படி 5: தண்ணீரும் உப்பும், அளவோடு

எல்லோருக்கும் ஒரே அளவு என்று சொல்ல முடியாது. மணிக்கு அரை லிட்டர் வியர்ப்பவரும் உண்டு, இரண்டு லிட்டர் வியர்ப்பவரும் உண்டு. 1984 ஒலிம்பிக் மாரத்தானுக்கு முன் அதே சலசாரைச் சோதித்தபோது மணிக்கு 3.7 லிட்டர் வியர்த்தது பதிவாகியிருக்கிறது. ஆகவே உங்கள் அளவை நீங்களே கண்டுபிடியுங்கள். பயிற்சிக்கு முன் குறைந்த உடையில் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு, வியர்வையைத் துடைத்து, மீண்டும் எடை பாருங்கள். 70 கிலோ 68.8 ஆகியிருந்து, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால், உங்கள் வியர்வை மணிக்கு 1.7 லிட்டர். வெவ்வேறு வெப்பத்தில் மூன்று நான்கு முறை இப்படிப் பார்த்தால் உங்கள் போக்கு பிடிபடும்.

இழப்பு முழுவதையும் ஓடும்போதே நிரப்ப வேண்டியதில்லை, வயிறும் ஏற்காது. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். 70 கிலோக்காரருக்கு அது 1.4 கிலோ. காலைச் சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்ல தொடக்கம், அடர் மஞ்சளாக இருந்தால் கிளம்பும் முன் குடியுங்கள்.

மறுபக்கமும் ஆபத்துதான். பயிற்சி முடிவில் எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கக்கூடும், உயிரும் போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும் மெதுவாக ஓடி நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும் அதில் அதிகம். "எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடி" என்ற அறிவுரையை மறந்துவிடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்கு வெறும் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால், அல்லது உடையில் வெள்ளை உப்புக்கோடு படியும் அளவுக்கு வியர்ப்பவராக இருந்தால், உப்புக் கலந்த பானம் தேவை. ஒரு லிட்டர் வியர்வையில் தோராயமாக ஒரு கிராம் சோடியம் போகிறது. கடையில் கிடைக்கும் விளையாட்டுப் பானங்களில் பொதுவாக அதில் பாதியளவுதான் இருக்கும். மீதியை அடுத்த வேளை உணவு சரிசெய்துவிடும்.

படி 6: வெளியிலிருந்து குளிர்வியுங்கள்

தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு நொறுக்கிய பனிக்கட்டி கலந்த பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் உடலின் உட்சூடு சற்றுக் குறைந்த நிலையில் ஆரம்பிக்கலாம். போட்டி நாளுக்கு நல்ல உத்தி, ஆனால் பயிற்சியிலேயே பழகிப் பாருங்கள். நடுவே தலை, கழுத்து, முன்கைகளில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். அது கூடுதல் வியர்வை மாதிரி வேலை செய்யும். உடை வெளிர் நிறத்தில், தளர்வாக, மெல்லியதாக இருக்கட்டும். எடை குறைய வேண்டும் என்று பிளாஸ்டிக் உடை போட்டு ஓடாதீர்கள். வெளியேறுவது நீர்தான், கொழுப்பு இல்லை, சூடோ உள்ளேயே அடைபடுகிறது.

மென்தால் கலந்த தைலங்கள் குளிர்ந்த உணர்வைத் தரும், உடல் சூட்டைக் குறைக்காது. உடலின் எச்சரிக்கையை அவை அடக்கிவிடுவதால், எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை.

படி 7: அறிகுறிகளைப் பிரித்துப் பாருங்கள்

தசைப்பிடிப்பு வந்தால் நிறுத்தி, மெல்ல இழுத்துவிட்டு, உப்புக் கலந்த பானம் குடியுங்கள். ஓடி முடித்தவுடன் அப்படியே நின்றதால் கண் இருட்டி விழுந்தவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால், சில நிமிடங்களில் தெளிவார். அதனால்தான் முடிவுக்கோட்டைத் தாண்டியும் நடந்துகொண்டே இருக்கச் சொல்கிறோம். தலைவலி, குமட்டல், மிகுந்த களைப்பு இருந்து, புத்தி தெளிவாக இருந்தால் வெப்பச் சோர்வு. அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. நிழல், குளிர்ந்த நீர், ஓய்வு. அரை மணி நேரத்தில் தேறாவிட்டால் மருத்துவமனை.

வெப்பச் சோர்வின் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டதைக் காட்டுவது மூளை. நாக்கு குழறுகிறது, கால் பின்னுகிறது, காரணமில்லாமல் எரிந்து விழுகிறார், கேட்ட கேள்விக்கு வேறு எதையோ சொல்கிறார், ஓட வேண்டிய திசை தெரியவில்லை. இதுதான் ஹீட் ஸ்ட்ரோக். உட்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். "வியர்வை நின்று தோல் காய்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக்" என்று பலரும் நம்புகிறார்கள். பயிற்சியில் வரும் வகையில் ஆள் பெரும்பாலும் நனைந்து சொட்டிக்கொண்டிருப்பார். நடுவே சிறிது நேரம் தெளிவாகப் பேசி ஏமாற்றவும் கூடும்.

புத்தி தடுமாறுகிறவருக்குத் தன் நிலை தெரியாது. எனவே வெப்ப நாளில் தனியாகக் கடும் பயிற்சி வேண்டாம். இருவர் இருவராகச் சேர்ந்து, ஒவ்வொரு ஓய்விலும் ஒருவரை ஒருவர் பெயர், நாள், அடுத்த பயிற்சி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: முதலில் குளிர்விப்பது, பிறகு வண்டியில் ஏற்றுவது

ஹீட் ஸ்ட்ரோக் என்று சந்தேகம் வந்தால் ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும், மற்றவர்கள் அந்த நொடியே குளிர்விக்கத் தொடங்குங்கள். வண்டி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உட்சூட்டை அரை மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

மிகச் சிறந்த வழி, பனிக்கட்டி நீர் நிறைந்த தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்துவது. வெப்பப் பயிற்சி நடக்கும் இடத்தில் தொட்டியும் பனிக்கட்டியும் ஆரம்பத்திலேயே தயாராக இருக்க வேண்டும். ஒருவர் பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்துத் தலை நீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கட்டும். கலக்காவிட்டால் உடலை ஒட்டிய நீர் சூடாகி, குளிர்வது மெதுவாகும். "குளிர்ந்த நீர் ரத்தக்குழாயைச் சுருக்கிச் சூட்டை உள்ளே பூட்டிவிடும்" என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள், இதைவிட வேகமாக உடலைக் குளிர்விக்கும் முறை களத்தில் வேறு இல்லை. சலசார் விழுந்த அதே ஃபால்மத் பந்தயத்தில், 18 ஆண்டுகளில் 274 பேருக்குப் பனிநீர் அமிழ்த்தல் மூலம் சிகிச்சை அளித்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை.

தொட்டி இல்லையா? தார்ப்பாயில் படுக்கவைத்து, நாலைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, பனிநீரை ஊற்றி அசையுங்கள். அதுவும் இல்லையென்றால் குழாய் நீரை நிறுத்தாமல் உடல் முழுக்கப் பாய்ச்சுங்கள், அல்லது பனிநீரில் நனைத்த துண்டுகளை உடல் முழுவதும் போர்த்தி இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அக்குளில் மட்டும் பனிக்கட்டி வைப்பது போதாது.

உட்சூட்டைச் சரியாகக் காட்டுவது ஆசனவாய் வெப்பமானி ஒன்றுதான். நெற்றி, காது, வாய் அளவீடுகள் பயிற்சிக்குப் பின் தவறாகக் குறைத்துக் காட்டும். பயிற்சி பெற்றவர் அளக்க முடிந்தால், 39 டிகிரிக்கு இறங்கியதும் வெளியே எடுக்கலாம். முடியாதபோது, புத்தி தெளியும் வரை, அல்லது 15 நிமிடம் வரை அமிழ்த்தி வையுங்கள். புத்தி தடுமாறுகிறவருக்கு வாயில் எதுவும் புகட்டக் கூடாது, புரையேறும். பாராசிட்டமால், ஆஸ்பிரின் இரண்டும் வேண்டாம். இது காய்ச்சல் இல்லை என்பதால் அவை வேலை செய்யாது, கல்லீரலுக்கும் ரத்தம் உறைவதற்கும் கேடு செய்யலாம். மூச்சு நின்றால் நீரிலிருந்து எடுத்து உடனே மார்பழுத்தம் (சி.பி.ஆர்.) தொடங்குங்கள்.

படி 9: மீண்டும் களத்துக்கு

ஹீட் ஸ்ட்ரோக்குக்குப் பிறகு குறைந்தது ஏழு நாள் எந்தப் பயிற்சியும் இல்லை. மருத்துவர் கல்லீரல், சிறுநீரகம், தசைச் சிதைவு ஆகியவற்றுக்கான ரத்தச் சோதனைகளைப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே தொடங்க வேண்டும். முதலில் குளிர்ந்த இடத்தில் மெதுவாக, அப்புறம் வெப்பத்தில் குறைந்த நேரம், அப்புறம் படி 3-இல் சொன்ன 14 நாள் முறையை முழுதாக. இதற்கிடையில் அன்று என்ன நடந்தது என்று உட்கார்ந்து எழுதுங்கள்: முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், என்ன மருந்து எடுத்தீர்கள், புழுக்கம் எவ்வளவு, எந்த நிமிடத்தில் வேகத்தைக் குறைத்திருக்கலாம். அந்தத் தாளை மருத்துவரிடமும் பயிற்சியாளரிடமும் காட்டுங்கள். வெப்பத்தில் திரும்பத் தொடங்கும் முதல் நாட்களில், அதைப் படித்திருக்கும் ஒருவர் பக்கத்தில் ஓடட்டும்.